மழைக்கு முன்னே ஊர்க்கூட்டம்

உழவர்களே, ஏரி நிறையணும்னு வேண்டுறதும் நாமதான், கரை உடைஞ்சா முதல்ல அடிபடுறதும் நாமதான். அதனால் ஐப்பசி பிறக்குமுன் ஊர்கூடிப் பேச வேண்டிய பாடம் இது.

நம் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடலோரத்துக்குத்தானே ஆபத்து என்று உள்மாவட்டத்தில் பலரும் இருந்தோம். மறுநாள் மாலை திருவண்ணாமலை மலை சரிந்து வ.உ.சி. நகரில் வீடு மூடி, 5 குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தனர். டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது. தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. எச்சரிக்கை விட்டோம் என்றது அரசு. எங்களுக்கு வந்து சேரவில்லை என்றனர் மக்கள்.

பாடம் இரண்டு. புயல் கரை கடந்த பிறகும் மழை கொல்லும். செல்போனுக்கு வந்த செய்தி, தூங்குகிறவனை எழுப்பாது.

இதை ஆரணியில் வைத்துப் பாருங்கள். ஜவ்வாது மலை மழை செண்பகத்தோப்பு அணைக்கு வந்து, கமண்டல நாகநதியாக ஆரணியைத் தாண்டிச் செய்யாற்றில் சேர்கிறது. ஆரணியில் தூறலே இல்லாவிட்டாலும் ஆற்றில் வெள்ளம் வரலாம். இங்கே நெல்லும் பட்டும் பக்கத்துப் பக்கத்தில். வயலில் தண்ணீர் நிற்கும்போதே தறிக்குழியிலும் ஊற்று எடுக்கும். பாவு நனைஞ்சா நெசவாளி வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே கூட்டத்துக்கு நெசவாளிகளையும் கூப்பிடுங்க.

கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டியவை:

1. இரவுக் காவல். செண்பகத்தோப்புப் பக்கத்தில் ஒருத்தர், ஆற்றோரத்தில் ஒருத்தர், ஏரிக்கரையில் ஒருத்தர் என ஆள் குறியுங்கள். செய்தி வந்ததும் கோயில், மசூதி, சர்ச் ஒலிபெருக்கியில் சொல்லணும். கரண்ட் போனால் கோயில் மணி.

2. யாரைத் தூக்கணும்? படுக்கையில் உள்ள பெரியவர்கள், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள் வீடுகளைப் பட்டியல் போட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு இளைஞர் பொறுப்பு.

3. ஏரி. கலங்கல், மதகு, வரத்துக்கால்வாய் அடைப்பை மழைக்கு முன்னே எடுங்க. மண் நிரப்பிய சாக்குகள் கரையிலேயே இருக்கட்டும்.

4. மாடு. மேட்டு இடம் பாத்து வைங்க, வைக்கோலை அங்கே ஏத்துங்க. தண்ணீர் ஏறினால் முதல் வேலை கயிறை அவிழ்ப்பதுதான். கட்டின மாடு நீந்தாது.

5. விதை. நாட்டு விதை போனால் கடையில் கிடைக்காது. நன்றாகக் காயவைத்து, வேப்பிலை போட்டு, பரண்மேல் வைங்க. ஒரு பங்கை வேறு ஊர் உழவரிடம் கொடுத்து வைங்க.

6. தறி. கோறா, சரிகை, பாவு எதுவானாலும் உயரத்தில் ஏற்ற இடம் இப்பவே பாருங்க.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070. சுவரில் பெரிசா எழுதி வைங்க.

மழை விட்டதும் பக்கத்து வயலோடு பேசி வடிகாலைத் திறங்க. அறுந்து கிடக்கும் மின்கம்பி பக்கம் போகாதீங்க. தண்ணீர் வடிஞ்சு பயிர் வேர் பிடித்த பின், 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யம் கலந்து தெளிக்கலாம்.

நிவாரணமும் முன்கூட்டியே பார்க்க வேண்டிய வேலைதான். ஃபெஞ்சலுக்கு 33 சதவீதத்துக்கு மேல் சேதமான இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, இறந்த பசு, எருதுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000 என அறிவித்தார்கள். பயிர் அடங்கலில் ஏறியிருந்தால்தான் பேச முடியும். நாம கலப்புப் பயிர் வைக்கிறவங்க. எல்லாம் பதிவாகியிருக்கான்னு கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்க. பயிரை நல்லா இருக்கும்போதே ஒரு படம், சேதமானபின் ஒரு படம் எடுங்க.

மீட்புப் படை வந்து சேர நேரமாகும். அதுவரை பக்கத்து வீட்டுக்காரர்தான் படை. கூட்டத்துக்கு இந்த வாரமே நாள் குறியுங்கள்.