அம்மாவுக்குக் கீமோதெரபி... வீட்டார் கவனத்துக்கு!

வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் பார்த்துக்கொள்பவர் அம்மாதான். அந்த அம்மாவுக்கே புற்றுநோய் என்றதும் வீடே கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறது. ''என்ன பாவம் செஞ்சேனோ, சாமி குத்தமோ'' என்று அம்மாவும் புலம்புவார். இது பாவமும் இல்லை, குத்தமும் இல்லை. ஒட்டுவாரொட்டியும் அல்ல, தட்டு, டம்ளரைத் தனியாக ஒதுக்காதீர்கள்.

ஊசி மருந்து என்ன செய்கிறது?

வேகமாகப் பெருகும் செல்களை அழிப்பதுதான் கீமோ மருந்தின் வேலை. முடி வேர், வாயின் உட்பகுதி, எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் செல்களும் வேகமாகப் பெருகுபவை என்பதால் அவற்றுக்கும் அடி விழுகிறது. முடி கொட்டுவதும் வாய் புண்ணாவதும் இதனால்தான். முடி பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். பயப்பட வேண்டியது வேறு. மஜ்ஜையில் உற்பத்தி குறைவதால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைகின்றன. பல மருந்துகளில், ஊசி போட்ட 7 முதல் 14 நாட்களுக்குள் இந்தக் குறைவு அதிகமாக இருக்கும்.

100.4... மறக்காதீர்கள்!

வீட்டில் தெர்மாமீட்டர் அவசியம். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ''ஒரு பாரசிட்டமால் போட்டுட்டு காலையில பார்த்துக்கலாம்'' என்பது ஆபத்து. காய்ச்சல் அடங்கிய மாதிரி தெரியும். உள்ளே கிருமி பெருகிக்கொண்டிருக்கும். அம்மாக்கள் பொதுவாக, ''லேசா கணகணன்னு இருக்கு, அவ்வளவுதான்'' என்று மறைத்துவிடுவார்கள். அதனால் தினமும் தொட்டுப் பார்க்கும் பொறுப்பை ஒருவர் ஏற்க வேண்டும்.

மற்றவர்களும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். ஃபைல், மருந்துச் சீட்டு, அடுத்த ஊசித் தேதி மகன் பொறுப்பு என்றால், சமையல் அப்பாவும் மருமகளும் சேர்ந்து பார்க்கட்டும். சமைத்த உணவைச் சூடாக, கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுங்கள். சளி, இருமல் உள்ளவர்கள் நலம் விசாரிக்க வந்தால் வாசலோடு பேசி அனுப்பிவிடுங்கள்.

சாமி கும்பிடலாமா?

தாராளமாக! பிரார்த்தனை மனசுக்குத் தெம்பு தரும். ஆனால் அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் கோயில், சர்ச், தர்கா என்று எங்கேயும் கூட்டத்தில் அழைத்துப் போகாதீர்கள். வீட்டிலேயே விளக்கேற்றி எல்லோரும் அம்மாவோடு உட்காருங்கள். பட்டினி விரதம் வேண்டாம். மொட்டை போடுவதாக வேண்டுதல் இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் நாள் பார்க்க வேண்டும். அணுக்கள் குறைந்த நேரத்தில் கத்தி பட்ட சிறு கீறலும் சீழ் பிடிக்கலாம். யாரோ சொன்ன நாட்டு மருந்தை டாக்டருக்குத் தெரியாமல் கொடுப்பதும் கூடாது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தோடு முடங்கிவிடாமல், 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். நம்பிக்கை செயலாக மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. உங்கள் நம்பிக்கையும் அப்படி இருக்கட்டும். பூஜையறையில் விளக்கு எரியட்டும். அம்மாவின் தலைமாட்டில் தெர்மாமீட்டரும் ஆஸ்பத்திரி போன் நம்பரும் இருக்கட்டும்!