பெண்கள் சாக்கர் கோச் வேலை: எந்தக் கல்லூரி, எந்த நாற்காலி?

நம் ஊர்க் கல்லூரிகளில் விளையாட்டு என்றால் பெரும்பாலும் ஒரே ஆள்தான்: உடற்கல்வி இயக்குநர். மாணவர்களுக்கு அவர் பி.டி. சார், அல்லது பி.டி. மேடம். காலையில் கோ-கோ, சாயங்காலம் வாலிபால், நடுவில் விளையாட்டு விழாவுக்குப் பந்தல் போடச் சொல்வதும் அவர்தான். அமெரிக்காவில் பெண்கள் சாக்கர் அணிக்கென்றே தனியாக ஒரு ஹெட் கோச் உண்டு. பெரிய பல்கலைக்கழகம் என்றால் அவருக்குக் கீழே இரண்டு மூன்று உதவிப் பயிற்சியாளர்களும் இருப்பார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் இந்த அணி இருக்கிறது. கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்று 1972-இல் வந்த ‘டைட்டில் நைன்’ சட்டம் போட்ட விதை அது.

அங்கே பிறந்து வளர்ந்து கிளப் சாக்கர் ஆடிய தமிழ்ப் பெண்ணோ, இங்கிருந்து மேற்படிப்புக்குப் போன கால்பந்து ஆட்டக்காரரோ இதை வேலையாக எடுக்க நினைத்தால் முதலில் வாயில் வருவது, “டிவிஷன் ஒன்னுக்கு எப்படிப் போவது?” என்ற கேள்விதான். கேள்வியே கொஞ்சம் கோணல். கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ தரும் டிவிஷன் எண்ணை நாம் ரேங்க் கார்டு மாதிரி படிக்கிறோம். உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்பவை மூன்று வெவ்வேறு வேலைகள். உங்களுக்கு எது சரிப்படும் என்று பார்ப்பதற்கே இந்த வழிகாட்டி.

வேலை என்ன?

சீசன் ஆகஸ்டில் தொடங்கும். நவம்பரில் தேசியப் போட்டியின் நாக்-அவுட் சுற்றுகள், டிசம்பர் தொடக்கத்தில் இறுதி ஆட்டம். இந்த மாதங்களை எல்லோரும் பார்க்கிறார்கள். மற்ற மாதங்களைக் கோச்சின் குடும்பம் மட்டுமே பார்க்கிறது. டிவிஷன் ஒன்னில் சீசன் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம், மற்ற காலத்தில் 8 மணி நேரம். அதற்கு மேல் மாணவிகளைப் பயிற்சிக்குப் பிடித்து வைக்க விதி இடம் தராது. மிச்ச நேரம் பெரும்பாலும் ஆள் தேடுவதில் போகிறது.

ஒரு சனிக்கிழமை, கிளப் அணிகளின் போட்டி. பக்கத்துப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு மைதானங்கள். ஒரு பக்கம் மடக்கு நாற்காலியில் பெற்றோர், எதிர்ப்பக்கம் கல்லூரிச் சின்னம் போட்ட தொப்பிகள். தொப்பிக்காரர்கள் கையில் ஒரு பட்டியல்: சட்டை எண், ஆடும் இடம், பள்ளி முடிக்கும் ஆண்டு. 17-ஆம் எண் பந்தைப் பறிகொடுத்தபின் திரும்ப ஓடுகிறாளா, வெளியே உட்கார வைத்தால் முகம் எப்படிப் போகிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். ஆனால் அவளிடம் பேச முடியாது. பத்தாம் வகுப்பு முடிந்த பிறகு வரும் ஜூன் 15 வரை டிவிஷன் ஒன் கோச் அவளைத் தொடர்புகொள்ளக் கூடாது. அந்தத் தேதி பிறக்கும் நள்ளிரவில் குறுஞ்செய்திகள் வந்து விழும்.

இவ்வளவு பாடு எதற்கு? உலகக் கோப்பையில் மாற்று ஆட்டக்காரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. வெளியே போனவர் திரும்பி வர முடியாது. கல்லூரி விதி அப்படியில்லை. முதல் பாதியில் வெளியே வந்தவர் அந்தப் பாதியில் மட்டும் இறங்க முடியாது. இரண்டாம் பாதியில் வெளியே வந்தவர் ஒருமுறை திரும்பலாம். ஆகவே பதினொரு பேர் நன்றாக ஆடினால் போதாது, பெஞ்சும் கனமாக இருக்க வேண்டும். அறிமுகமில்லாத பதினாறு வயதுப் பெண்ணிடமும் அவள் பெற்றோரிடமும் மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பது உங்களுக்கு அலுக்கும் என்றால், எந்த டிவிஷனும் ஒத்துவராது.

டிவிஷன் ஒன்: பணமும் பரபரப்பும்

ஏறக்குறைய 350 அணிகள். தேசியப் போட்டிக்குள் நுழைவது 64. நீண்ட காலமாக ஓர் அணிக்கு அதிகபட்சம் 14 முழு ஸ்காலர்ஷிப் என்று வரம்பு இருந்தது. அதை 28 பேருக்குப் பங்கிட்டால் தலைக்குப் பாதி. ஆனால் எந்தக் கோச்சும் அப்படிப் பந்தி பரிமாறியதில்லை. கோல் அடிப்பவளுக்கு ஏறக்குறைய முழுசு, நடுக்களத்துப் பெண்ணுக்கு அரை, மூன்றாவது கோல்கீப்பருக்குப் புத்தகச் செலவு என்று கணக்குப் போடுவதே ஒரு கலையாக இருந்தது.

2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற மாணவ வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ‘ஹவுஸ்’ வழக்குச் சமரசத்துக்குப் பின் கணக்கு மாறிவிட்டது. அதில் சேர்ந்த கல்லூரிகளில் ஸ்காலர்ஷிப் வரம்பு இல்லை. அணியில் 28 பேருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் வரம்பு. வீரர்களுக்கு நேரடியாகப் பணம் பகிரவும் அனுமதி உண்டு; முதல் ஆண்டில் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு 2.05 கோடி டாலர். அதில் பெரும்பகுதி அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. எனவே ஒரே டிவிஷனுக்குள் 28 பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் தரும் இடமும் இருக்கலாம், பழைய பாதிக் கணக்கிலேயே நிற்கும் இடமும் இருக்கலாம். இரண்டு கோச்சுகளும் ஒரே மைதானத்தில் மோத வேண்டும்.

2018-இல் வந்த டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் இன்னொரு தலைவலி. இரண்டு வருடம் பேசிப் பேசிக் கூட்டி வந்த பெண், ஒரு சீசன் முடிந்ததும் வேறு கல்லூரிக்குப் போகலாம். ஆனால் கோச்சுக்குச் சம்பளம் நன்றாக இருக்கும், கைக்கு ஆட்கள் இருப்பார்கள், ஒப்பந்தம் சில ஆண்டுகளுக்கு இருக்கும். தோல்விகள் தொடர்ந்தால் அந்த ஒப்பந்தம் முடியும்வரை காத்திருக்க மாட்டார்கள்.

டிவிஷன் டூ: நடுவாந்தரம் என்று ஒதுக்காதீர்கள்

இங்கே வரம்பு 9.9 ஸ்காலர்ஷிப். கொஞ்சம் விளையாட்டு உதவி, கொஞ்சம் மதிப்பெண் உதவி, கொஞ்சம் அரசு உதவி என்று ஒட்டுப்போட்டுத்தான் ஒரு மாணவியைச் சேர்க்க முடியும். அணிக்குள் நடக்கும் எல்லாமே உங்கள் கையில். மிஷிகனின் கிராண்ட் வேலி ஸ்டேட்டில் 2009, 2010, 2013 ஆண்டுகளில் தேசியப் பட்டம் வென்ற கோச் டேவ் டிஐயானி அங்கிருந்து டிவிஷன் ஒன்னில் ஐயோவாவுக்குப் போனார். அவருக்குப் பின் வந்த ஜெஃப் ஹாஸ்லர் 2014, 2015, 2019 பட்டங்களுக்குப் பின் மிஷிகன் ஸ்டேட்டுக்குப் போனார். மேலே போகும் ஏணி இங்கே நன்றாகவே இருக்கிறது. வெல்லும் அணியில்தான் அது நிற்கும்.

டிவிஷன் த்ரீ: ஸ்காலர்ஷிப்பே இல்லாத உலகம்

அணிகளின் எண்ணிக்கையில் இதுவே பெரியது. விளையாட்டுக்காக ஒரு டாலர்கூட உதவித்தொகை கிடையாது. மாணவியை அழைத்து வரக் கோச் பேச வேண்டியது படிப்பு, கல்லூரி, பெற்றோரின் வருமானத்துக்கு ஏற்ற நிதி உதவி ஆகியவை. அட்மிஷன் அலுவலகம் மறுத்துவிட்டால் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அவள் உங்கள் அணிக்கு இல்லை. 2015, 2017, 2018 பட்டங்களை வென்ற வில்லியம்ஸ் கல்லூரி, நாட்டிலேயே மிகக் கடினமாகச் சேர்க்கை தரும் கல்லூரிகளில் ஒன்று என்பதை நினைவில் வையுங்கள்.

பல இடங்களில் கோச்சுக்கு இன்னொரு பொறுப்பும் தலையில் விழும்: உடற்கல்வி வகுப்பு, போட்டி ஏற்பாடு, வேறோர் அணிக்கு உதவி. நம் பி.டி. மேடத்தின் சாயல் இங்கே தெரியும். ஆனால் தோற்ற மறுநாளே நாற்காலி ஆடாது. பிள்ளைகளை வளர்க்கும் வயதில் இருப்பவர்கள் பலர் இதைத் தேடி வருகிறார்கள். சாதனைக்கும் குறைவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் பெண்கள் அணிக்கு உதவிப் பயிற்சியாளராக இருந்த ஜூலியன் சிட்ச், ஆண்கள் அணியின் பொறுப்பை ஏற்று 2022-இல் டிவிஷன் த்ரீ பட்டம் வென்றார். ஆண்கள் சாக்கர் அணியை என்சிஏஏ பட்டத்துக்கு அழைத்துப்போன முதல் பெண் அவர்.

என்ஏஐஏ, இரண்டாண்டுக் கல்லூரிகள்: சீக்கிரம் பொறுப்பு

என்சிஏஏவுக்கு வெளியே சிறு கல்லூரிகளின் அமைப்பு என்ஏஐஏ. இரண்டாண்டுக் கல்லூரிகள் தனி உலகம்; பல இடங்களில் பகுதி நேரச் சம்பளம், ஆட்களும் இரண்டு ஆண்டில் போய்விடுவார்கள். ஆனால் இளம் வயதில் ஹெட் கோச் ஆக இதைவிடக் குறுக்கு வழி இல்லை. பெக்கி பர்லி பட்டம் முடித்த கையோடு ஜார்ஜியாவின் பெர்ரி கல்லூரியில் தலைமைப் பொறுப்பேற்று 1990, 1993-இல் என்ஏஐஏ பட்டம் வென்றார். பிறகு ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் 1995-இல் புதிதாகத் தொடங்கிய அணி அவர் கைக்கு வந்தது. நான்காவது சீசனில், 1998-இல், அதுவும் தேசிய சாம்பியன்.

பெரிய இடத்தில் உதவியாளரா, சிறிய இடத்தில் தலைமையா?

இருபத்தெட்டு வயதில் எல்லோரும் முட்டி நிற்கும் சந்தி இது. பர்லி இரண்டாவது வழியில் போனவர். முதல் வழிக்கு மார்கரீட் அவோசாசா நல்ல உதாரணம். ஸ்டான்ஃபோர்டில் பல ஆண்டுகள் உதவியாளராக இருந்துவிட்டு 2022 சீசனுக்கு யுசிஎல்ஏவின் ஹெட் கோச் ஆனார். முதல் சீசனிலேயே டிவிஷன் ஒன் பட்டம். வட கரோலினாவில் ஹெட் கோச் ஆன்சன் டாரன்ஸின் உதவியாளராக இருந்த டேமன் நாஹாஸ், 2024 ஆகஸ்டில் டாரன்ஸ் ஓய்வுபெற்றதும் இடைக்காலப் பொறுப்பேற்று அதே சீசனில் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அதன் பிறகு வேலை அவருக்கே நிரந்தரமாயிற்று.

எது நல்லது? உதவியாளராக இருந்தால் பெரிய அணி எப்படி நடக்கிறது என்று கற்கலாம். தவறின் விலையை வேறொருவர் கட்டுவார். ஆனால் பல ஆண்டுகள் ஆள் தேடும் வேலையிலேயே உங்களை முடக்கி வைத்தால், தலைமைக்கான நேர்காணலில் காட்ட ஒன்றும் இருக்காது. சிறிய இடத்தில் ஹெட் கோச் என்றால் பஸ் ஏற்பாடு, சாப்பாடு, சட்டை துவைப்பு, பெற்றோரின் கோபம் எல்லாம் உங்களுக்கே. வெற்றி தோல்விக் கணக்கும் உங்கள் பேரில் ஏறும். யாருக்குக் கீழே வேலை பார்க்கப் போகிறீர்கள் என்பதை வைத்து முடிவெடுங்கள். சொல்லிக் கொடுக்கிற தலைமை கிடைத்தால் உதவியாளராகப் போங்கள். கல்லூரிப் பெயர் மட்டும்தான் பெரிது என்றால் சிறிய இடமே மேல்.

கல்லூரியில் நிலைப்பதா, தொழில்முறை கிளப்புக்குத் தாவுவதா?

ஜில் எலிஸ் பல கல்லூரிகளில் உதவியாளர், இல்லினாய்ஸில் புதிய அணியின் முதல் கோச், யுசிஎல்ஏவில் பன்னிரண்டு சீசன் என்று நடந்து அமெரிக்கப் பெண்கள் அணிக்கு 2015, 2019 உலகக் கோப்பைகளை வாங்கித் தந்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக் தங்கத்தின்போது அந்த அணியை நடத்திய எம்மா ஹேய்ஸ், செல்சி கிளப்புக்கு முன்னால், இளம் வயதில் நியூயார்க்கின் ஐயோனா கல்லூரியில் பயிற்சி கொடுத்தவர். எனவே கல்லூரி வாசல் உலக மேடைக்கும் திறக்கும்.

ஒரே இடத்தில் ஊன்றியவர் டாரன்ஸ். பிறந்தது 1951-இல், நம் பம்பாயில். 1979 முதல் 2024 வரை வட கரோலினாவின் பெண்கள் அணி அவர் கையில் இருந்தது. 21 என்சிஏஏ பட்டங்கள். நடுவில் தேசிய அணியையும் நடத்தி 1991-இல் பெண்களுக்கான முதல் உலகக் கோப்பையையும் வென்றார். இன்றைய சந்தையில் அப்படி 45 ஆண்டு உட்கார இன்னொருவரால் முடியுமா என்பது சந்தேகம். தொழில்முறை கிளப்பில் ஆள் தேடும் அலைச்சல் குறையும், நாற்காலி வேகமாக ஆடும். மாணவிகள் பட்டம் வாங்குவதைப் பார்த்துக் கண் கலங்குகிற ஆள் நீங்கள் என்றால் கல்லூரியிலேயே இருங்கள்.

பணம், காகிதம், விசா

எல்லா விளையாட்டுகளையும், எல்லா நிலைகளையும் சேர்த்து அமெரிக்க அரசின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை கணக்கிட்ட பயிற்சியாளர்களின் நடுநிலை ஆண்டு ஊதியம் 2023-இல் சுமார் 46,000 டாலர். ஐ.டி. சம்பளத்தோடு ஒப்பிட்டுவிட்டு உள்ளே வந்தால் மனம் உடையும். டிவிஷன் ஒன்னின் உச்சியில் உள்ள சிலரைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

பட்டப் படிப்பு கட்டாயம், முதுகலை இருந்தால் நல்லது. சிறு கல்லூரிகள் பலவற்றில் ‘கிராஜுவேட் அசிஸ்டென்ட்’ ஆகச் சேர்ந்தால் படிப்புக் கட்டணம் குறையும், அனுபவமும் ஏறும். யு.எஸ். சாக்கரின் லைசென்ஸ் வரிசையில் டி, சி, பி, ஏ என்று ஏற வேண்டும். ஜனவரி தோறும் நடக்கும் ‘யுனைடெட் சாக்கர் கோச்சஸ்’ மாநாட்டில் வேலைப் பேச்சும் அறிமுகங்களும் நிறைய நடக்கும்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு விஷயம். மாணவர் விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் வளாக வேலை வாரம் 20 மணி நேரம்தான். பல்கலைக்கழகங்களுக்கு ஹெச்-1பி குலுக்கல் வரம்பு இல்லை என்பது பெரிய வசதி. ஆனால் 2025 செப்டம்பரில் புதிய மனுக்களுக்கு அறிவிக்கப்பட்ட 1,00,000 டாலர் கட்டணத்தைச் சிறு கல்லூரி எதுவும் எளிதில் கட்டாது. வேலை பேசும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

பெண்களுக்கு இன்னொன்று. 1972-இல் கல்லூரிப் பெண்கள் அணிகளில் 90 சதவீதத்துக்கு மேல் பெண்களே பயிற்சியாளர்கள். பணமும் மதிப்பும் வந்ததும் ஆண்களும் வந்தார்கள். 2014-இல் அது சுமார் 43 சதவீதம். விண்ணப்பிக்கத் தயங்கும் பெண்கள் இந்த எண்ணைப் பார்த்துத் தயக்கத்தைக் கைவிட வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன்

• ஸ்காலர்ஷிப்புக்கு உண்மையில் எவ்வளவு பணம் இருக்கிறது? காகிதத்தில் காட்டச் சொல்லுங்கள்.

• எதிரணிகளுக்கு எவ்வளவு இருக்கிறது? அவர்கள் பணத்தில் பாதியைத் தந்துவிட்டு நிர்வாகம் பட்டம் கேட்டால் அது பேராசை.

• உதவியாளர்கள் முழுநேரமா, பகுதிநேரமா?

• முன்பிருந்த கோச் ஏன் போனார்? இதை நிர்வாகத்திடம் கேட்பதோடு நிறுத்தாமல் மூத்த மாணவிகளிடமும் கேளுங்கள்.

• உங்களை நியமிக்கும் அத்லெட்டிக் டைரக்டர் எத்தனை ஆண்டு இருப்பார்? அவர் போனால் உங்கள் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது மட்டும்தான்.

முடிவாக

போட்டிதான் உயிர், ஊர் ஊராக மாறச் சம்மதம், குடும்பம் தாங்கும் என்பவருக்கு டிவிஷன் ஒன், நல்ல தலைமைக்குக் கீழே உதவியாளராக. முப்பதுக்குள் தன் அணி என்று ஒன்று வேண்டும் என்பவருக்கு டிவிஷன் டூ அல்லது என்ஏஐஏ. கற்பிப்பதுதான் ஆசை, ஒரே ஊரில் வேரூன்ற வேண்டும் என்பவருக்கு டிவிஷன் த்ரீ. மூன்றில் எதை எடுக்கும் முன்னும், உங்களுக்குப் பிடித்த கோச் ஒருவரிடம் கேட்டு, பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றை அவருடன் கழியுங்கள். ஆட்டம் இல்லாத, கூட்டம் இல்லாத அந்த நாள் உங்களுக்குப் பிடித்திருந்தால் விண்ணப்பம் போடுங்கள்.