எண்ணெய் என்ஜினில் எண்ணெய்த் துளி ஆவியாகும் விதம்

கிணற்றுப் பாசனத்துக்கு டீஸல் என்ஜினை நம்பியிருக்கும் குடியானவர், அது கறும்புகை கக்கக் கண்டால் அசட்டையாய் இருத்தலாகாது. விலை கொடுத்து வாங்கிய எண்ணெயில் ஒரு பகுதி நீர் இறைக்காமலே புகையாய்ப் போகின்றது. கதிர் பால் பிடிக்கும் தருணத்தில் என்ஜின் நின்றுவிடின் நஷ்டம் எண்ணெயோடு நில்லாது.

எண்ணெய் திரவமாய் இருக்கையில் எரிவதில்லை. அதன் ஆவியே எரிவது. கைவிளக்கிலும் திரியின் நுனியில் எண்ணெய் ஆவியான பின்னரே சுடர் உண்டாகின்றது. டீஸல் என்ஜினில் திரி இல்லை. பிஸ்டன் காற்றைச் சுமார் பதினாறில் ஒரு பங்காக அமுக்குவதால் அக்காற்றின் உஷ்ணம் 500 சென்டிகிரேடுக்கு மேல் ஏறும். அதனுள் நாஸில் எண்ணெயை நுண்துளிகளாகப் பீச்சுகின்றது.

துளி முதலில் காற்றிலிருந்து உஷ்ணத்தைப் பெற்றுச் சூடேறும். பின்னர் பெறும் உஷ்ணம் பெரும்பாலும் ஆவியாவதற்கே செலவாகும். மண்பானை நீர் குளிர்வதும் ஆவியாதல் உஷ்ணத்தைக் கவர்வதனாலேயே. துளியைச் சூழும் ஆவியோ ஒரு போர்வைபோல் நின்று, மேலும் உஷ்ணம் புகுவதைத் தடுக்கும். ஓடும் காற்று அப்போர்வையை விலக்குவதால் ஆவியாதல் விரைவுபடும். ஈரத்துணி காற்றில் சீக்கிரம் உலர்வது போலவே இது.

அசையாக் காற்றில் சிறு துளியின் மேற்பரப்பு காலத்திற்கேற்ப ஒரே சீராகக் குறையும் என்பதை 1918-ல் லாங்மூர் என்னும் அமெரிக்க விஞ்ஞானி விளக்கினார். ஆகவே துளியின் குறுக்களவு இருமடங்காயின் ஆவியாகும் காலம் நான்கு மடங்காகும். 1 மில்லிமீட்டர் துளியை 0.1 மில்லிமீட்டர் துளிகளாக உடைத்தால் 1000 துளிகள் கிடைக்கும். மொத்த மேற்பரப்பு பத்து மடங்காகும். காலமோ நூற்றில் ஒரு பங்காகக் குறையும்.

நிமிஷத்துக்கு 1500 சுற்றுச் சுற்றும் என்ஜினில் ஒரு சுற்றுக்கு ஆவது ஒரு விநாடியில் 25-ல் ஒரு பங்கே. அதிலும் பன்னிரண்டில் ஒரு பங்கே எரிவதற்குக் கிடைக்குமெனக் கொண்டால், அது விநாடியில் 300-ல் ஒரு பங்கு. நாஸில் தேய்ந்தோ கரி பிடித்தோ பெருந்துளி சொட்டினால், அது அதற்குள் ஆவியாகி முடியாது. ஒரு பகுதி கரிப்புகையாகும். ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் படிந்து, மசகெண்ணெயைக் கழுவி, தேய்மானத்தை உண்டாக்கும்.

ஆதலின் செய்யத்தக்கவை வருமாறு:

1. எண்ணெயைத் தெளியவைத்து வடிகட்டியே தொட்டியில் ஊற்றுக. நீரும் தூசியும் நாஸிலைக் கெடுப்பவை.

2. கறும்புகை கண்டால் முதலில் காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்க. என்ஜின் மீது மிகுபாரம் உண்டோவெனவும் பார்க்க. காற்றுக் குறைவும் மிகுபாரமும் அதே புகையைத் தரும்.

3. அப்பாலும் புகை நீங்காவிடில் நாஸிலைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டிச் சோதிக்கச் செய்க. நல்ல நாஸில் மூடுபனிபோல் தெளிக்கும், சொட்டாது.

4. பீச்சும் நாஸிலுக்கெதிரே ஒருபோதும் கை நீட்டலாகாது. அவ்வெண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். காயம் ஊசிமுனையளவே தோன்றினும் விரலை இழக்க நேரிடலாம். உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

துளி நுண்ணியதாயின் புகை குறையும். அதே எண்ணெயில் மிகுந்த நிலம் நனையும்.