குற்றவியலும் சமூகவியலும்: சேர்த்துப் படித்தால் என்ன?



பிளஸ் டூ முடித்ததும் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்பவர்களிடம் "சமூகவியலும் குற்றவியலும்" என்று சொல்லி வருகிறேன். உடனே "போலீஸ் ஆகப் போறியா?" என்றுதான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிட்டேன்.

முதலில் ஒரு சம்பவம்

எட்டாம் வகுப்பு வேறொரு பள்ளியில் படித்தேன். சுற்றுலாவுக்குக் கட்ட வைத்திருந்த 200 ரூபாயைக் காணோம். "இன்டர்வெல்ல கிளாஸ்ல யார் யார் இருந்தீங்க?" என்று சார் கேட்டார். 4 பேர் இருந்தார்கள். ஆனால் நான் ஒரு பையன் பெயரை மட்டும் சொன்னேன். அவன் குடியிருந்த தெருவைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு, அவ்வளவுதான் காரணம். அவன் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

மூன்று நாள் கழித்து, என் கணக்கு நோட்டின் அட்டைக்குள் பணம் இருந்தது. சாரிடம் மட்டும் போய்ச் சொன்னேன். அவனிடம் சொல்லவில்லை. அதற்குள் "திருட்டுப்பய" என்று அவனுக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். எட்டாவதோடு அவன் படிப்பை நிறுத்திவிட்டான்.

என் பெரியம்மா மகள் பி.ஏ. சமூகவியல் முடித்து, திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. குற்றவியல் படிக்கிறார். பொங்கல் லீவில் இதை அவரிடம் சொன்னேன். அக்கா திட்டவில்லை. "பணத்த யாரு எடுத்தாங்கிறது ஒரு கேள்வி. நாலு பேர்ல நீ ஏன் அவன மட்டும் சொன்னேங்கிறது இன்னொரு கேள்வி. ரெண்டையும் சேத்துக் கேட்டாத்தான் பாதி உண்மையாவது தெரியும்" என்றார்.

இரண்டும் என்ன?

குற்றவியல்: எது குற்றம், ஏன் நடக்கிறது, சட்டமும் சிறையும் எப்படி நடத்துகின்றன, பாதிக்கப்பட்டவர் நிலை என்ன என்று ஆராய்வது. கைரேகை, ரத்தக்கறை பார்ப்பது தடய அறிவியல். அது வேறு படிப்பு.

சமூகவியல்: குடும்பம், சாதி, வேலை, பள்ளி, ஊர் இவையெல்லாம் மனிதர்களை எப்படி நடக்க வைக்கின்றன என்று ஆராய்வது.

சேராமல் போனதால் வந்த தவறு

இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ, 1876-இல் எழுதிய புத்தகத்தில், சிலர் குற்றவாளியாகவே பிறக்கிறார்கள், மண்டையோடு, தாடை அமைப்பிலேயே தெரியும் என்றார். 1913-இல் இங்கிலாந்தின் சார்லஸ் கோரிங் சுமார் 3000 கைதிகளை அளந்து ஒப்பிட்டுப் பார்த்து, அப்படித் தனி உடல்வகை எதுவும் இல்லை என்று காட்டினார்.

நம் நாட்டில் இதைவிடக் கொடுமை நடந்தது. 1871-இல் ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. ஒரு திருட்டும் செய்யாதவர்கூட, குறிப்பிட்ட சமூகத்தில் பிறந்ததற்காகவே பதிவேட்டில் ஏற்றப்பட்டார். 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகைப் பதிவை எதிர்த்த மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3-இல் துப்பாக்கிச்சூடு நடந்து பலர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் சட்டம் ஒழிந்தது. ஊர்ப்பேச்சு மட்டும் அவ்வளவு சீக்கிரம் ஒழியவில்லை. நான் எட்டாம் வகுப்பில் செய்தது என்ன என்று இதைப் படித்தபோதுதான் உறைத்தது.

சேர்ந்தபோது கிடைத்தவை

1. அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஷா, மெக்கே என்ற இருவர், எந்தப் பகுதிச் சிறுவர்கள் அதிகம் நீதிமன்றத்துக்கு வருகிறார்கள் என்று வரைபடத்தில் குறித்தார்கள். ஒரே பகுதியில் ஒரு நாட்டார் போய் வேறு நாட்டார் குடியேறினாலும் எண்ணிக்கை அங்கே உயர்ந்தே இருந்தது. ஆக, காரணத்தை இனத்தில் தேடாமல் அந்த இடத்தின் வாழ்நிலையில் தேட வேண்டும் என்று 1942-இல் எழுதினார்கள்.

2. அப்படியென்றால் ஏழைகள்தான் குற்றம் செய்கிறார்களா? இல்லை. சதர்லாந்து என்ற சமூகவியலாளர் 70 பெரிய அமெரிக்க நிறுவனங்களின் சட்டமீறல்களைத் தொகுத்து 1949-இல் வெளியிட்டார். 'வெள்ளைக் காலர் குற்றம்' என்ற சொல்லைப் பரப்பியவர் அவரே.

3. ஹோவர்ட் பெக்கர் 1963-இல் முத்திரை குத்துதல் பற்றி எழுதினார். ஒருவனைத் திருடன் என்று எல்லோரும் நடத்தினால், நல்ல வழிகள் ஒவ்வொன்றாக அவனுக்கு அடைபட்டுப் போகும் என்பது அதன் சாரம்.

எங்கே? என்ன வேலை?

இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இரண்டும் சேர்ந்து மூன்றாண்டுப் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. நான் அக்கா போன வழியில், முதலில் சமூகவியல், பிறகு குற்றவியல் என்று போகப் போகிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறை உண்டு. படித்தவர்கள் நன்னடத்தை அலுவலர், சிறை நலப் பணி, பாதிக்கப்பட்டோருக்கு உதவும் அமைப்பு என்று போகலாம்.

2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தைப் பாருங்கள். இளைஞர் நீதிக் குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் உட்காருகிறார்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். சிறுவனின் வீடு, பள்ளி, சூழ்நிலையை விசாரித்து நன்னடத்தை அலுவலர் சமூக விசாரணை அறிக்கை தருகிறார். தப்பு செய்த சிறுவனிடம்கூடக் குற்றம் சாட்டும் சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்பது அந்தச் சட்டத்தின் கோட்பாடுகளில் ஒன்று.

சட்டமே வாயை அடக்கிக்கொள்கிறது. தப்பே செய்யாத பையனை நாங்கள் எப்படிக் கூப்பிட்டோம்!

போன மாதம் அவனைப் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் பார்த்தேன். கிட்டப் போய், "அந்தப் பணம் என் நோட்டுலயேதான் இருந்துச்சு. அன்னைக்கே உங்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். "என்கிட்ட சொல்லி என்ன? அன்னைக்கு கிளாஸ்ல சொல்லியிருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

அவன் சொன்னது சரிதான். அதனால்தான் பெயர் சொல்லாமல், எல்லோரும் படிக்கிற இந்தச் சுவரில் எழுதியிருக்கிறேன். நண்பர்களே, நம் வகுப்பில் ஏதாவது காணாமல் போனால் முதலில் நோட்டு அட்டைக்குள் பாருங்கள். பிறகு, நம் கண் யார் பக்கம் போகிறது, ஏன் போகிறது என்றும் பாருங்கள்.



– 12-ஆம் வகுப்பு மாணவி, 'இ' பிரிவு