துண்டு இருக்கிறது, ஆளைக் காணோம்

கேள்வி: ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளம், மசாலாக் கடை வைத்திருக்கிறேன். இரவில் கணக்கைப் பிரதி எடுக்க என் தம்பி லினக்ஸ் கணினியில் ஒரு புரோகிராம் போட்டுக் கொடுத்தான். கரண்ட் போய் வந்ததிலிருந்து, 'ஏற்கெனவே ஓடுகிறது' என்று சொல்லி மறுக்கிறது. பூட்டுக் கோப்பை அழிக்கலாமா?

பதில்: புரோகிராம் 'நான் ஓடுகிறேன்' என்று வைக்கும் பூட்டுக் கோப்பு, பஸ் சீட்டில் இடம் பிடிக்கப் போட்ட துண்டு மாதிரி. துண்டு போட்டவர் வழியில் இறங்கிவிட்டார், துண்டு மட்டும் கிடக்கிறது. எடுக்கலாம், ஆனால் முதலில் ஆள் இல்லை என்று உறுதி செய்யுங்கள். அந்தக் கோப்பைத் திறந்தால் பெரும்பாலும் ஓர் எண் இருக்கும். ஓடிக்கொண்டிருந்த புரோகிராமுக்குக் கணினி தந்த எண் அது. 'பி.எஸ்.' கட்டளையில் அந்த எண்ணைத் தேடுங்கள். எண் இருந்தாலே ஆள் இருப்பதாக நம்பிவிடாதீர்கள். மறுதுவக்கத்துக்குப் பின் அதே எண் வேறொரு புரோகிராமுக்குப் போயிருக்கலாம். பெயரையும் பாருங்கள்.

சிலர் ஒவ்வொரு முறையும் பூட்டை அழித்துவிட்டே தொடங்கும்படி எழுதிவிடுகிறார்கள். அப்புறம் பூட்டு எதற்கு?

தம்பியிடம் 'எஃப்லாக்' முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். அதில் பூட்டு, இயங்குதளத்தின் மையமான கெர்னல் கையில் இருக்கும். புரோகிராம் செத்தால் தானே விடுபடும், கோப்பு கிடந்தாலும் தொல்லையில்லை. பழைய முறைதான் வேண்டுமென்றால் கோப்பை 'ரன்' அடைவில் வைக்கட்டும். அது நினைவகத்தில் இருப்பதால் மறுதுவக்கத்தில் காலியாகிவிடும்.

கணக்கு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருந்தால், அதன் 'போஸ்ட்மாஸ்டர்.பிட்' கோப்பில் மட்டும் அவசரப்பட்டுக் கை வைக்காதீர்கள். அதுவும் ஒரு பூட்டுதான்; அதை அழித்து, ஒரே தரவை இரண்டு சர்வர்கள் திறந்தால் கணக்கே சிதைந்துவிடும்.