ஒன்றுகூடலும் கூட்டமும்

பழைய மாணவர் விழா நெருங்குங்கால் அழைப்பிதழ்களில் தவறாது இடம்பெறுஞ் சொல் 'ஒன்றுகூடல்'. ஆங்கிலத்தார் 'கெற் ருகெதர்' என்பதற்கு நேராக ஈழத்தில் நிலைபெற்ற சொல் இது. ஆங்கிலத்தில் அத்தொடரை வினையாயின் இரு சொல்லாகவும், பெயராயின் இடையே சிறுகோடிட்டும் எழுதுவர். தமிழில் அவ்வேறுபாடு விகுதியாற் பெறப்படும்: 'ஒன்றுகூடு' வினைப்பகுதி, 'அல்' விகுதி பெற்று 'ஒன்றுகூடல்' தொழிற்பெயராம்.

'கூடல்' என்பதே அமையுமே, 'ஒன்று' மிகையன்றோ என வினவுவாருளர். சிறப்புப் பற்றி வரும் ஒருபொருட்பன்மொழியை நன்னூலார் வழுவென்று தள்ளிலர். 'மீமிசை' என்பது அதற்குக் காட்டப்படும் உதாரணம். ஆயினும், ஈண்டு இரண்டும் ஒருபொருளனவே அல்ல என்பது நம் கருத்து. தம்புள்ளையையே நோக்குக. கண்டி–யாழ்ப்பாண வீதியைத் திருகோணமலை வீதி சந்திக்கும் இவ்வூரில், 1999இல் தொடங்கப்பெற்ற பொருளாதார மத்திய நிலையத்திலே விளைவிப்போரும் வாங்குவோரும் லொறிச் சாரதிகளும் கூடுகின்றனர். 'சந்தை கூடிற்று' என்போம். 'சந்தை ஒன்றுகூடிற்று' என்பாரில்லை. அங்கே அவரவர் அலுவல் அவரவர்க்கு. ஒரு நோக்கம் பற்றி மனமிசைந்து சேர்வதே ஒன்றுகூடுதல். மழைக்கு ஒதுங்கியோர் ஒன்றுகூடினர் என எழுதுதல் பொருந்தாது.

'கூட்டம்' என்பதோ வேறு. அதற்குத் தலைவர் வேண்டும், நிகழ்ச்சிநிரல் வேண்டும், அறிக்கை வேண்டும். 1983க்குப் பின் இலண்டன், ரொறன்ரோ முதலிய நகரங்களுக்குச் சிதறிச்சென்ற பழைய மாணவர் ஆங்காங்கே நடத்துவனவற்றை ஒன்றுகூடல் என்றே வழங்குகின்றனர். அழைப்பிதழிற் 'கூட்டம்' என்றிருப்பின், கணக்கறிக்கைக்கு அஞ்சியே சிலர் வாராதொழிவர்!

தன்வினை பிறவினை மயக்கமே மாணவரிடத்து மிகுதியாகக் காணப்படும் வழு. ஆடு–ஆட்டு, ஓடு–ஓட்டு என்றாற்போலக் கூடு–கூட்டு. 'சங்கம் கூடிற்று', 'செயலாளர் சங்கத்தைக் கூட்டினார்' என்பன செவ்வியன. 'செயலாளர் கூட்டத்தைக் கூடினார்' என்பது வழு. 'மண்டபத்தைக் கூட்டினார்' என்றாலோ, தும்புத்தடி எடுத்தாரென்றே நம்மவர் கொள்வர்.

'ஒன்றாக ஒன்றுகூடினர்', 'ஒன்றுகூடற் கூட்டம்' என்பன வெறும் மிகை. 'நான் ஒன்றுகூடினேன்' எனவும் எழுதற்க. ஒருவர் தனித்து ஒன்றுகூடுதல் யாங்ஙனம்?

இனி, 'கூடும்', 'கூடாது' என்பன துணைவினையாய் வருமிடத்துச் சேருதற்பொருள் இல்லை. 'அவர் வரக்கூடும்', 'இங்கே கூட்டங் கூடக்கூடாது' என முன்வரும் வினையோடு சேர்த்தெழுதுக.