ஆட்டம் முடிந்த பின் தொடங்கும் ஆட்டம்

பெரியதொரு கால்பந்துப் போட்டியில் எவரும் எதிர்பாராத அணி வென்றுவிட்டால் அன்றிரவு உறக்கமின்றித் தவிப்பவர்கள் ஆட்டக்காரர்கள் மட்டுமல்லர். தேநீர்க் கடை வாயிலிலும், மாணவர் விடுதி அறைகளிலும், ரயில் பெட்டிகளிலும் ரசிகர்களின் விவாதம் விடிய விடியத் தொடரும். "நடுவர் நம்மை ஏமாற்றிவிட்டார்" என்பார் ஒருவர். "அவர்களுக்கு அதிர்ஷ்டம், அவ்வளவுதான்" என்பார் மற்றொருவர். "அந்த ஒருவனால்தான் தோற்றோம்" என்று தீர்ப்பே வழங்கிவிடுவார் மூன்றாமவர்.

விளையாட்டில் நாட்டமில்லாதவர்களுக்கு இவையெல்லாம் வீண் பேச்சாகத் தோன்றலாம். ஆயினும் சற்று ஊன்றி நோக்கினால், மனத்தின் இயல்பை அறிய இதைவிட எளிய இடம் கிடைப்பது அரிது. ரசிகன் பந்தைத் தொடுவதில்லை. வெற்றிக்காக அவன் வியர்வை சிந்தவில்லை. தோல்விக்கும் அவன் காரணமில்லை. இருப்பினும் அவ்விரண்டையும் தன்னுடையனவாகவே அனுபவிக்கிறான். அவனிடம் இருப்பது செயலன்று, பற்று மட்டுமே. அந்தப் பற்று எப்போது அன்பாகிறது, எப்போது கொடுமையாகிறது என்பதை அறிய, உலகக் கால்பந்து வரலாற்றின் மறக்க முடியாத ஒரு நாளை இங்கே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

மரக்கானாவில் ஒரு மாலை

1950-ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டி பிரேசில் நாட்டில் நடைபெற்றது. அதற்கெனவே ரியோ டி ஜெனிரோ நகரில் மரக்கானா என்னும் மாபெரும் அரங்கம் எழுப்பப்பட்டது. இன்றுபோல் தனியான இறுதி ஆட்டம் அவ்வாண்டு இல்லை. இறுதிச் சுற்றை எட்டிய நான்கு அணிகள் தமக்குள் மோதி, அதிகப் புள்ளிகள் பெறும் அணி கோப்பையை வெல்வதே முறையாக இருந்தது.

அச்சுற்றில் பிரேசில் ஸ்வீடனை 7-1 என்றும், ஸ்பெயினை 6-1 என்றும் வென்றிருந்தது. சின்னஞ்சிறு நாடான உருகுவேயோ ஸ்பெயினுடன் 2-2 எனச் சமன் செய்து, ஸ்வீடனை 3-2 என்று அரும்பாடுபட்டு வென்றிருந்தது. ஜூலை 16 அன்று இவ்விரு அணிகளும் சந்தித்தபோது, பிரேசில் வெல்ல வேண்டும் என்பதுகூட இல்லை. சமன் செய்தாலே கோப்பை அதற்குரியது.

ஆகவே, வெற்றியை எவரும் எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. அது கைக்கு வந்துவிட்டதாகவே எண்ணினர். பிரேசில் வீரர்களின் படத்தை 'உலக வெற்றியாளர்கள்' என்ற அறிவிப்புடன் ஆட்டத்திற்கு முன்பே ஒரு நாளிதழ் வெளியிட்டது. நகரத் தந்தை ஆட்டக்காரர்களை வெற்றி வீரர்கள் எனப் புகழ்ந்து உரையாற்றினார். வெற்றிப் பாடலும் முன்கூட்டியே இயற்றப்பட்டிருந்தது. சீட்டுப் பெற்று வந்தோர் மட்டுமே 1,73,850 பேர். உண்மையில் கூடியிருந்தோர் தொகை இரண்டு லட்சத்தை நெருங்கியிருக்கும் என்பது பலரின் மதிப்பீடு.

முதற்பாதியில் இரு அணிகளும் கோல் போடவில்லை. 47-ஆம் நிமிடத்தில் பிரேசிலின் பிரியாசா கோல் அடித்ததும் அரங்கம் அதிர்ந்தது. அந்நேரத்தில் உருகுவேயின் அணித் தலைவர் ஒப்துலியோ வரேலா பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அவசரமின்றி நடந்து சென்று, நடுவரிடம் நெடுநேரம் முறையிட்டுக்கொண்டிருந்தார். அந்த கோல் தள்ளுபடி ஆகாது என்பதை அவர் நன்கு அறிவார். கூட்டத்தின் ஆரவாரம் தணியவும், தம் தோழர்களின் படபடப்பு அடங்கவும் சில நிமிடங்கள் தேவைப்பட்டன. அதற்காகவே அந்த முறையீடு.

66-ஆம் நிமிடத்தில் வலப்புறமாக ஓடிச் சென்ற கிஜ்ஜியா பந்தை நடுவே செலுத்த, ஸ்கியாபினோ அதை கோலாக்கினார். 79-ஆம் நிமிடத்தில் அதே கிஜ்ஜியா அதே வலப்புறமாக மீண்டும் ஓடி வந்தார். இம்முறையும் பந்தை நடுவே அனுப்புவார் என எண்ணிய பிரேசிலின் கோல் காப்பாளர் பார்போசா, அதைத் தடுக்கும் பொருட்டு ஓரடி முன்னெடுத்து வைத்தார். கம்பத்திற்கும் அவருக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி தோன்றியது. கிஜ்ஜியா அந்த இடைவெளியிலேயே பந்தை உதைத்துவிட்டார்.

2-1. ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் கூடியிருந்த அரங்கம் வாயடைத்து நின்றது. கோப்பையை வழங்க வந்த ஜூல் ரிமே, முறையான விழா ஏதுமின்றிக் கூட்ட நெரிசலுக்கிடையே அதை வரேலாவின் கையில் கொடுத்துவிட்டுச் செல்ல நேர்ந்தது.

ஒரு மனிதர் மீது ஏற்றிய சுமை

இனிமேல்தான் நாம் கவனிக்க வேண்டிய ஆட்டம் தொடங்குகிறது. நாடே துயரில் மூழ்கியது. அது இயல்பே. அன்பு வைத்த இடத்தில் இழப்பு நேரும்போது கண்ணீர் வருவது குற்றமன்று. ஆனால் துயரம் நெடுநேரம் துயரமாகவே இருப்பதில்லை. அதைத் தாங்கும் பக்குவம் இல்லாத மனம் விரைவில் ஒரு குற்றவாளியைத் தேடத் தொடங்குகிறது. பழி பெரிதும் பார்போசாவின் மீதும், அவரைப் போலவே கறுப்பினத்தவரான பாதுகாப்பு ஆட்டக்காரர்கள் மீதும் விழுந்தது. ஒரு தோல்விக்குக் காரணம் தேடிய மக்கள் நிறத்திலும் அதைக் கண்டார்கள் என்பது வேதனைக்குரிய உண்மை.

ஆண்டுகள் பல கழிந்த பின்னரும் கடையொன்றில் ஒரு பெண்மணி அவரைச் சுட்டிக்காட்டி, நாட்டையே அழ வைத்த மனிதர் இவர்தாம் எனத் தம் மகனிடம் கூறியதாகப் பார்போசா நினைவுகூர்ந்தார். 1993-இல் தேசிய அணியின் பயிற்சி முகாமைக் காணச் சென்றபோது, அவர் வருகை தீய சகுனமாகும் என்று அஞ்சி அவரை உள்ளே விடவில்லை. தம் நாட்டின் அன்றைய சட்டத்தில் மிகக் கூடிய தண்டனையே முப்பது ஆண்டுகள்தாம். தாமோ ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாகத் தண்டனை அனுபவித்து வருவதாக அவர் இறுதி நாட்களில் மனம் நொந்து கூறினார். 2000-ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

அவர் செய்த பிழைதான் யாது? சற்று முன்பு அதே ஆட்டக்காரர் அதே இடத்திலிருந்து பந்தை நடுவே அனுப்பி கோலுக்கு வழி செய்ததை அவர் கண்டிருந்தார். மீண்டும் அவ்வாறே நிகழும் எனக் கணித்தது அறிவுடைய செயலே. கணிப்பு சரியாக இருந்திருந்தால் அவரே அன்றைய நாயகர். செயல் ஒன்றுதான், விளைவு மட்டுமே வேறாயிற்று. விளைவைக் கொண்டு செயலை அளப்பவன் பெரும்பாலும் அநீதியே செய்கிறான் என்பது இந்நிகழ்ச்சி தரும் முதற்பாடம்.

இவ்வநீதி இன்னும் கொடிய உருவமும் எடுத்ததுண்டு. 1994 உலகக் கோப்பையில் கொலம்பியாவின் ஆந்த்ரே எஸ்கோபார், அமெரிக்காவுடன் நடந்த ஆட்டத்தில் தவறுதலாகப் பந்தைத் தம் அணியின் கோலுக்குள்ளேயே தள்ளிவிட்டார். நாடு திரும்பிய அவர் ஜூலை 2 அன்று மெதெயின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 27.

வென்றவர் சென்ற இடம்

மீண்டும் 1950-க்கு வருவோம். கோப்பையை வென்ற இரவில் வரேலா என்ன செய்தார்? தம் குழுவினரின் கொண்டாட்டத்திலிருந்து விலகி, ரியோ நகரத்து மதுக்கடைகளில் அழுதுகொண்டிருந்த பிரேசில் மக்களோடு சென்று அமர்ந்தார். ஆட்டம் தொடங்கும்வரை அந்தக் கூட்டத்தின் ஆரவாரம் அவருக்குப் பகையாகத் தெரிந்தது. இப்போதோ அவர்கள் தனித்தனி மனிதர்களாக, துயருற்றவர்களாகத் தெரிந்தார்கள். அத்துயருக்குத் தாமும் ஒரு காரணம் என்ற எண்ணம் அவரை வருத்தியதாகப் பிற்காலத்தில் அவர் கூறியிருக்கிறார். அவர்களும் அவரை அடையாளம் கண்டுகொண்டனர், பகைக்கவில்லை. விடியும்வரை வென்றவரும் தோற்றவரும் ஒரே மேசையில் அமர்ந்திருந்தனர்.

களத்தில் வரேலா விட்டுக்கொடுத்தாரா? இல்லவே இல்லை. முழு வலிமையோடும் போராடினார். விளையாட்டு உணர்வு என்பது தளர்ந்து ஆடுவதன்று. ஆட்டம் நடக்கும்வரை முழு முயற்சி. ஆட்டம் முடிந்ததும் முழு மனிதத்தன்மை. இவ்விரண்டும் ஒருவரிடமே அமைவது இயலும் என்பதற்கு அவர் சான்று. வெற்றி பெற்றவன் தோற்றவனின் கண்ணீரைக் காண மறுத்தால், அவன் வென்றது ஓர் ஆட்டத்தை மட்டுமே.

ஒரே துயரம், இரு வழிகள்

அதே ஜூலை 16 அன்று பிரேசிலில் வானொலி கேட்டுக்கொண்டிருந்த ஒரு தந்தை அழுவதை ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் கண்டான். "அப்பா, உங்களுக்காக நான் ஒருநாள் உலகக் கோப்பையை வென்று வருகிறேன்" என்று தந்தைக்கு உறுதி கூறினான். அச்சிறுவனே பின்னாளில் பெலே எனப் புகழ்பெற்றவர். எட்டே ஆண்டுகளில், 1958-இல், பதினேழு வயது இளைஞராக அவ்வாக்கை நிறைவேற்றினார். ஸ்வீடனில் நடந்த இறுதி ஆட்டத்தில் பிரேசில் அந்நாட்டையே 5-2 என்று வென்றது.

அன்று தம் மண்ணில் தோற்ற ஸ்வீடன் ரசிகர்கள் பிரேசில் வீரர்களைக் கைதட்டி வாழ்த்தினர். பிரேசில் வீரர்களோ ஸ்வீடன் நாட்டுக் கொடியைக் கையிலேந்தி அரங்கைச் சுற்றி வந்தனர். சொந்த மண்ணில் தோற்பது எத்தகைய வேதனை என்பது பிரேசில் மக்களுக்குத் தெரியாததன்று.

ஒரே நாளில், ஒரே தோல்வியிலிருந்து இரு பாதைகள் பிரிந்ததைக் காண்கிறோம். ஒரு பாதையில் துயரம் பழியாக மாறி ஒரு நல்ல மனிதரின் வாழ்வை வாட்டியது. மற்றொன்றில் அதே துயரம் உறுதியாக மாறி உழைப்பாயிற்று. 1950-க்குப் பின்னர் தம் அணியின் வெள்ளைச் சட்டையையும் ராசியற்றது எனக் கருதிய அந்நாட்டினர், 1953-இல் போட்டி ஒன்று நடத்தி இன்று உலகறிந்த மஞ்சள் சட்டையைத் தேர்ந்தனர். சட்டையை மாற்றுவது எளிது. மனத்தில் பதிந்த பழியை மாற்றுவது அத்துணை எளிதாக இல்லை.

நம் நாட்டில் ஒரு நாள்

இவை எங்கோ தொலைவில் நடந்தவை என நாம் எண்ணிவிட வேண்டா. 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தாவின் ஈடன் தோட்டத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. களத்தில் எழுந்த சினம் பார்வையாளர் பகுதிக்கும் பரவியது. கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் உயிரிழந்தனர். காலையில் ஆட்டம் காணச் செல்வதாகச் சொல்லி வீட்டிலிருந்து புறப்பட்டவர்கள் அவர்கள்.

அவர்கள் நினைவாக ஆகஸ்ட் 16-ஐக் கால்பந்து அன்பர்கள் தினமாக வங்கத்தில் கடைப்பிடிக்கின்றனர். இரத்ததான முகாம்கள் நடத்துகின்றனர். பகையில் சிந்திய இரத்தத்திற்கு ஈடாக, முகமறியாத ஒருவர் பிழைப்பதற்காக இரத்தம் அளிக்கிறார்கள். கொடுப்பவர் எந்த அணியின் ரசிகர் என்று பெறுபவர் கேட்பதில்லை. துயரத்தை நன்மையாக மாற்றும் வழி இதுவே.

விவாதம் வேண்டாமா?

வேண்டும். தோல்வியை ஆராயாத அணி முன்னேறாது. ஆட்டத்தைப் பற்றிப் பேசாத ரசிகன் அதை முழுதும் அனுபவித்தவனுமாகான். எத்திசையில் விவாதிக்கிறோம் என்பதே வினா. 'எங்கே பிழைத்தோம்?' என்னும் கேள்வி அறிவை வளர்க்கிறது. 'யாரைப் பழிக்கலாம்?' என்னும் கேள்வி சினத்தை வளர்க்கிறது. முதற்கேள்வி கேட்பவன், எதிரணி நம்மைவிட நன்றாக ஆடியது என ஒப்புக்கொள்ளவும் ஆயத்தமாக இருப்பான். எதிரணி இல்லையேல் ஆட்டமே இல்லை. நம் திறமையை முழுதாக வெளிக்கொணரச் செய்யும் எதிராளி ஒரு வகையில் நமக்கு ஆசிரியர்.

இம்மனநிலை ஒருநாளில் வருவதன்று, ஆயினும் வரக்கூடியதே. 2014 ஜூலை 8 அன்று பெலோ ஹொரிசோன்தே நகரில், உலகக் கோப்பை அரையிறுதியில் பிரேசில் ஜெர்மனியிடம் 1-7 என்று தோற்றது. கண்ணீரும் ஏளனக் குரலும் அன்றும் இருந்தன. ஆனால் ஜெர்மனியின் ஏழாவது கோல் விழுந்தபோது பிரேசில் ரசிகர்கள் பலர் எழுந்து கைதட்டினர். அதற்கும் முன்னரே, 2009-இல், தங்களை அழ வைத்த அதே கிஜ்ஜியாவை மரக்கானாவுக்கு அழைத்து, சிறந்த ஆட்டக்காரர்களின் வரிசையில் அவருடைய பாதச் சுவடுகளையும் பதிக்கச் செய்தனர். எதிரணியின் வீரரை மன்னிக்க அவர்களால் இயன்றது. தம் சொந்த வீரரான பார்போசா உயிருடன் இருந்த காலத்தில் அந்த மன்னிப்பு அவருக்குக் கிட்டவில்லையே என்பதுதான் நம் நெஞ்சை உறுத்துகிறது.

நம் இல்லங்களிலும் பார்போசாக்கள் உண்டு. தேர்வில் தவறிய மகன், வணிகத்தில் நொடித்த சகோதரன், அலுவலகத்தில் ஒரு கணக்கைப் பிழையாக எழுதிவிட்ட நண்பர் என அவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் எடுத்து வைத்த அந்த ஓரடியை நாம் எத்தனை ஆண்டுகள் சொல்லிக் காட்டப் போகிறோம்? வென்றவரை வாழ்த்துவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. தோற்றவரின் அருகே சென்று அமரவும் வேண்டும்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. நாம் விரும்பும் அணி தோற்றபோது நம் வாயிலிருந்து வந்த முதற்சொல் எது? அது ஆராய்ச்சியா, பழியா?

2. பார்போசாவின் செயலையும் அதன் விளைவையும் பிரித்து நோக்கியதுபோல், நம் வாழ்வில் ஒருவரைப் பற்றி நாம் வழங்கிய தீர்ப்பை மீண்டும் ஆராய்ந்து பார்க்க இயலுமா?

3. வென்ற இரவில் வரேலா தோற்றவர்களைத் தேடிச் சென்றார். நம் அண்மைய வெற்றியால் வருந்தியிருக்கக்கூடிய ஒருவர் யார்? அவரிடம் நாம் சென்றோமா?